வாகனத்தின் சொந்த வைஃபையை நம்பி முத்தையன்கட்டில் இரண்டு இரவு தங்கலாமா?

கேள்வி: கனகராயன்கரை (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். 2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பின்னர் ஜப்பானிலிருந்து வந்த பழைய வான் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில், சிறு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறேன். வெளிநாட்டவர்கள் கரவன் என்று சொல்லும் வண்டியின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் குடும்பத்துடன் முல்லைத்தீவின் முத்தையன்கட்டுக் குளத்திற்கு அருகிலுள்ள மாமாவின் காணியில் இரண்டு இரவும், பின்னர் நாயாற்றுக் கரையில் ஓர் இரவும் தங்க எண்ணியுள்ளோம். (முகாம் அமைக்கப் போகிறோம் என்று எழுத வந்தேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பாரம் தெரிந்ததால் தங்கல் என்றே எழுதுகிறேன்.)

நான் கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்ப்பவன். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மணிநேரம் காணொளிக் கூட்டம் உண்டு. விடுமுறையிலும் அதனைத் தவிர்க்க முடியாது. வானின் திரையில் வைஃபை என்ற பகுதி இருக்கிறது. அதனைத் திறந்தால் என் கைபேசியில் வாகனத்தின் பெயருடன் ஒரு வலையமைப்புத் தெரிகிறது, கடவுச்சொல்லைக் கொடுத்தால் இணைகிறது, ஆனால் இணையம் வருவதில்லை. கனடாவில் இருக்கும் என் மைத்துனர், தமது வாகனத்தின் வைஃபையில் பிள்ளைகள் காட்டுக்குள் இருந்து படம் பார்த்ததாகச் சொல்கிறார். எனது வானிலும் இதனை இயங்கவைக்க முடியுமா? சிம் போடும் இடத்தை டாஷ்போட் முழுவதும் தேடியும் காணவில்லை.

பதில்: வயர்க்காரன் (வவுனியா)

தம்பி, சிம் போடும் இடத்தைத் தேடி டாஷ்போட்டைக் கழற்றவேண்டாம். அங்கே அப்படி ஓர் இடம் இருக்காது. இத்தகைய வாகனங்களில் இருக்கைக்கு அடியிலோ டாஷ்போட்டின் உட்புறத்திலோ கைபேசி வலையமைப்புடன் பேசும் ஒரு மோடம் பெட்டி இருக்கும். அதன் சிம், மின்சுற்றுப் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்ட சில்லு. அது ஜப்பானிய வலையமைப்பு ஒன்றுக்கும், வாகனத்தைப் புதிதாக வாங்கிய முதல் உரிமையாளரின் சந்தாவுக்கும் கட்டுப்பட்டது. வண்டி கப்பலேறியபோதே அந்தச் சந்தா முடிந்துவிட்டது. அலைவரிசை பொருந்தாததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அலைவரிசை பொருந்தினாலும் அந்தச் சில்லை இங்குள்ள வலையமைப்பு எதுவும் தன் வாடிக்கையாளராக ஏற்றுக்கொள்ளாது என்பதுதான் உண்மையான தடை. கைபேசி இணைவது வானுக்குள் இருக்கும் வைஃபையுடன் மாத்திரமே. வாய்க்கால் ஒழுங்காக இருக்கிறது, குளத்தில் தண்ணீர் இல்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். எல்லா ஜப்பானிய வாகனங்களிலும் திரையில் உள்ள வைஃபை என்ற சொல் ஹொட்ஸ்பொட்டை, அதாவது வாகனமே இணையத்தைப் பகிரும் வசதியை, குறிப்பதில்லை. பலவற்றில் அது உங்கள் கைபேசியிலிருந்து இணையத்தை வாங்கிக்கொள்வதற்கான வழி மட்டுமே. வாகனத்தின் பெயர் உங்கள் கைபேசியின் பட்டியலில் தெரியாவிட்டால், அது கொடுக்கும் வைஃபை அல்ல, வாங்கும் வைஃபை. இதனைக் காட்டி விலையைக் கூட்டிச் சொல்லும் விற்பனையாளரிடம் அந்த இடத்திலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பதில்: முல்லைத்தீவான் (ரொறன்ரோ)

மைத்துனர் சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். வட அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டளவில் ஜெனரல் மோட்டார்ஸ் தனது வாகனங்களில் 4ஜி வைஃபையைக் கொண்டுவந்த பிறகு இது பரவலான வசதியாகிவிட்டது. நானும் ஆறு வருடங்களாக இழுவைக் கரவன் ஒன்றுடன் ஒன்ராறியோவின் பூங்காக்களுக்குச் சென்று வருகிறேன். அந்த வைஃபை இணையத்தை உருவாக்குவதில்லை. பக்கத்துக் கோபுரத்திலிருந்து வருவதை வாங்கிப் பகிர்கிறது, அவ்வளவுதான். அல்கொங்குவின் பூங்காவின் உட்பகுதிக்குள் போனதும் கைபேசியும் வாகனமும் ஒன்றாகவே மௌனமாகிவிடும். அதற்கு முந்திய எல்லையோரப் பகுதியில் மட்டும், கைபேசி தடுமாறும்போது வாகனம் இன்னும் சில கிலோமீற்றர் தாக்குப்பிடிக்கும். கூரையின் மேல் சுறாமீனின் செட்டை போல் நிற்கும் அன்ரெனாதான் அதற்குக் காரணம். கையில் இருக்கும் கைபேசியைவிட உயரத்தில், உலோகத் தகரத்திற்கு வெளியே அது நிற்கிறது.

எங்களுக்கு ஏற்பட்ட சிரமத்தையும் சொல்கிறேன். வைஃபை இருப்பது இழுக்கும் வாகனத்தில். நாங்கள் படுப்பது பின்னால் நிற்கும் அலுமினியச் சுவர்களுடைய கரவனில். பத்து மீற்றர் தூரந்தான், ஆனால் கரவனுக்குள் சிக்னல் வராததால் பிள்ளைகள் படிக்கட்டில் கம்பளியைப் போர்த்தியபடி இருந்து படம் பார்ப்பார்கள். மைத்துனரின் பிள்ளைகளும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: மோடம் வாகனத்தோடு பிறந்தது, வாகனத்தோடே கிழடாகிறது. 2022இல் அமெரிக்காவில் 3ஜி வலையமைப்புகள் நிறுத்தப்பட்டபோது, ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லாத பல வாகனங்கள் தம் இணைப்பை மட்டும் ஒரே நாளில் இழந்தன. ஆகவே உங்கள் வானின் மோடம் வேலை செய்யவில்லையே என்று மனம் வருந்தவேண்டாம்.

பதில்: வயர்க்காரன் (வவுனியா)

முல்லைத்தீவான் அண்ணா சொன்ன அந்தச் செட்டைதான் இந்த விடயத்தின் உயிர். அதனை இங்கேயே செய்துகொள்ளலாம். சிம் போடும் சாதாரண 4ஜி ரவுட்டர் ஒன்றை, வெளி அன்ரெனா பூட்டும் இரண்டு துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 3ஜி மாத்திரம் உள்ள பழைய டொங்கிளை (கணினியில் செருகும் சிறு மோடத்தை) யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்கவேண்டாம். வானின் உடல் முழுவதும் தகரம் என்பதால் ரவுட்டரை உள்ளே வைத்தால் அது குடத்துக்குள் வைத்த விளக்குத்தான். கடந்த வருடம் ஒருவருக்கு நெடுங்கேணிப் பக்கம் இதனைப் பொருத்திக் கொடுத்தபோது, கைபேசியின் உலாவியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து சிக்னல் அளவைப் பார்த்தேன். உள்ளே மறை 112 (-112) காட்டியது, அன்ரெனாவைக் கூரையில் ஏற்றியதும் மறை 101 ஆனது. எண் பூச்சியத்தை நோக்கி வர வரச் சிக்னல் கூடுகிறது என்று பொருள். மறை 110க்குக் கீழே போனால் காணொளிக் கூட்டம் நிம்மதியாக நடக்காது. கைபேசியில் தெரியும் கோடுகளை நம்பாமல் இந்த எண்ணை நம்புங்கள்.

காடும் ஒரு காரணி. நம் நாட்டில் 4ஜி 900, 1800, 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் வருகிறது. எண் குறைந்தது தூரம் போகும், இலைகளையும் கூடுதலாகக் கடக்கும். எண் கூடியது வேகம் தரும், ஆனால் பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த இடத்தில் சீக்கிரம் களைத்துவிடும். ஆகவே 900ஐயும் ஏற்கும் ரவுட்டராக இருந்தால் நல்லது. டயலொக், மொபிட்டல், ஹட்ச் ஆகியவற்றில் எது அந்தக் காணியில் கிடைக்கும் என்று இங்கே வாதாடுவதில் பயனில்லை. மாமாவையோ அயலவரையோ ஒரு மாலை அந்த இடத்தில் நின்று மூன்று சிம்மையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு இணைப்பின் சிம்மைக் கழற்றிக்கொண்டு போவதாக இருந்தால், இடம் மாற்றிப் பயன்படுத்த அந்தப் பொதி அனுமதிக்கிறதா என்பதை முன்னரே கேட்டறியுங்கள்.

பதில்: குளத்துக்காற்று (ஒட்டுசுட்டான்)

அன்ரெனாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். மின்சாரத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிய விடயம். வாகனத்தின் சொந்த வைஃபை வேலை செய்யும் நாடுகளில்கூட, பொதுவாகத் திறப்பை (சாவியை) திருப்பி வைத்தால்தான் அது இயங்கும். சில வாகனங்கள் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். இதனால் சிலர் எஞ்சினை ஓடவிட்டபடி வாகனத்துக்குள் இருந்து வேலை செய்கிறார்கள், ஏசியின் குளிரில் அப்படியே உறங்கியும் போகிறார்கள். தம்பி, தயவுசெய்து இதனை ஒருபோதும் செய்யவேண்டாம். நிற்கும் வாகனத்தின் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது உள்ளே கசிந்தால் உறங்குபவர் விழிப்பதே இல்லை. பிள்ளைகளும் உள்ளே படுக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் திறப்பை மட்டும் திருப்பி வைத்தால் வேறு சிக்கல் உண்டு. திரையும் மற்றவையும் சேர்ந்து நான்கு அம்பியர் இழுத்தால், 60 அம்பியர் மணிப் பற்றரி எட்டு மணிநேரத்தில் பாதிக்குமேல் இறங்கிவிடும்; காலையில் வான் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். தனி ரவுட்டரோ பெரும்பாலும் 12 வோல்ற், ஓர் அம்பியருக்குள் முடிந்துவிடுகிறது. பத்து மணிநேரம் ஓடினாலும் பத்து அம்பியர் மணிதான். ஆகவே 20 அம்பியர் மணியுள்ள சிறிய லிதியம் பற்றரி ஒன்றைத் தனியாக வைத்து, பகலில் சோலர் தகட்டால் ஏற்றிக்கொண்டால், வானின் பற்றரியைத் தொடவே தேவையில்லை. வானின் வயரில் நேரடியாகப் பூட்டுவதாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது 14 வோல்றுக்கு மேல் வரும் என்பதால் இடையில் ஒரு மின்னழுத்தச் சீராக்கியும் பியூசும் அவசியம்.

ஊர் விடயம் இரண்டு சொல்லி முடிக்கிறேன். சிக்னல் தேடிக் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி இரவில் குளக்கட்டில் நடக்கவேண்டாம். இந்தப் பக்கம் யானை வரும், திரையைப் பார்க்கும் கண்ணுக்கு இருட்டில் யானை தெரியாது. அதேபோல், அன்ரெனாவுக்கு உயரமான மேடு தேடிப் பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். மிதிவெடி அகற்றல் முடியாத துண்டுகள் வன்னியில் இன்னும் உள்ளன, எச்சரிக்கைப் பலகை எல்லா இடத்திலும் நின்றுகொண்டிருக்காது. மாமாவின் காணிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: கனகராயன்கரை (கிளிநொச்சி)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எஞ்சினை ஓடவிட்டு ஏசியுடன் படுப்பது என்பதுதான் உண்மையில் என் திட்டமாக இருந்தது, அதனைக் கைவிட்டுவிட்டேன். ரவுட்டர் பார்த்துவிட்டேன். நாயாற்றில் மரமே இல்லாத திறந்த வெளி என்பதால் ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்தை யோசிக்கலாமா என்று மனைவி கேட்கிறார். 2025 ஜூலையில் இலங்கையிலும் அது வந்துவிட்டதல்லவா?

பதில்: வயர்க்காரன் (வவுனியா)

நாயாற்று மணலில் அதற்கு வானம் தாராளமாகக் கிடைக்கும். முத்தையன்கட்டில் பாலை மரத்து நிழலில் வானை நிறுத்தினால் அதன் அன்ரெனாத் தட்டுக்கு வானம் தெரியாது. நிழல் வேண்டுமா இணையம் வேண்டுமா என்று தினமும் வீட்டில் வழக்கு நடக்கும். அதன் சாதாரணத் தட்டு, 4ஜி ரவுட்டரைப்போல் பல மடங்கு மின்சாரமும் கேட்கும், மேலே சொன்ன சிறிய பற்றரி அதற்குப் போதாது. வருடத்தில் மூன்று இரவுக்காக அவ்வளவு செலவு செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன். காணொளிக் கூட்டம் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜீபிதான். சிக்னல் இறங்கினால் உங்கள் படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வையுங்கள், கணக்காளரின் முகத்தை எவரும் தேடமாட்டார்கள்.

பதில்: கனகராயன்கரை (கிளிநொச்சி)

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று: அன்ரெனாவைக் கூரையில் வைக்காமல் இரும்புக் குழாயில் உயர்த்தலாமா, கேபிள் எவ்வளவு நீளம் போடலாம்?

பதில்: வயர்க்காரன் (வவுனியா)

உயர்த்தலாம், ஆனால் ஐந்து மீற்றருக்கு மேல் கேபிள் வேண்டாம். உயரத்தால் கிடைப்பதைக் கேபிளே தின்றுவிடும். இடி முழங்கத் தொடங்கினால் குழாயை இறக்கிக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.