மின்விசிறி இரைச்சலில் தூங்குகிறேன், பக்கத்து வீட்டு டிவி மட்டும் ஏன் படுத்துகிறது?

நிலாமுற்றம்:
வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். மின்விசிறி கடகடவென்று ஓடினால்தான் எனக்குத் தூக்கமே வரும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி மெதுவாகப் பேசினாலே கூட்டல் தப்பிப்போகிறது. அதேசமயம் வீட்டில் யாரும் இல்லாத மதியங்களில் நிசப்தம் தாங்காமல் வானொலியைப் போட்டுவிடுகிறேன். இப்படி எல்லோருக்கும் உண்டா?

சுவர்க்கோழி:
உண்டு. டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு, பாதிக் கதைதான். கிளாஸ், சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்களின் ஆய்வுகள் 1972இல் நூலாக வந்தன. எப்போது வெடிக்கும் என்று தெரியாத இரைச்சலை ஆட்களுக்குக் கேட்கவைத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், வேண்டுமானால் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான். பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் இரைச்சல் முடிந்தபின் கொடுத்த, விடையே இல்லாத புதிர்களோடு அவர்கள்தான் அதிக நேரம் மல்லுக்கட்டினார்கள். பிழைதிருத்தும் வேலையிலும் அவர்களுக்குத் தவறு குறைவு. உங்கள் மின்விசிறியின் சுவிட்ச் உங்கள் கையில் இருக்கிறது, அந்த டிவியின் ரிமோட் இல்லை.

அப்புறம், பேச்சு தனி ரகம். புரிகிற மொழியில் யாராவது பேசினால், குரல் எவ்வளவு மெலிதானாலும் மனம் அதன் பின்னால் போய்விடும். எண்களை நினைவில் வைத்துக் கூட்டும் வேலைக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை.

தனிப்படகு:
நானும் தனியாகத்தான் இருக்கிறேன், அதனால் வானொலி விஷயம் நன்றாகவே புரிகிறது. நீங்கள் அதில் செய்தியையா தேடுகிறீர்கள்? மனிதக் குரலைத்தான் தேடுகிறீர்கள். டெசி, ரையன் என்ற உளவியலாளர்கள் இருவரும் மனிதருக்கு அடிப்படை என்று சொன்ன தேவைகள் மூன்று: தன் விருப்பப்படி நடப்பது, செய்வதைத் திறமையாகச் செய்வது, பிறரோடு ஒட்டியிருப்பது. டிவி உங்களிடம் முதல் இரண்டையும் பறிக்கிறது. வானொலி மூன்றாவதைக் கொஞ்சம் தருகிறது. கொஞ்சம்தான், ஏனென்றால் அது நாம் சொல்வதைக் கேட்பதில்லை. மதியத்தில் யாரையாவது போனில் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள்.

மெல்லிசை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் சத்தத்தின் அளவை அப்படி ஒதுக்கிவிட முடியாது. பழகிவிட்டது என்று நாம் நினைக்கும் சாலை இரைச்சலுக்கும் தூக்கத்தில் இதயத் துடிப்பு ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2018இல், இரவுச் சாலைச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. டிவிக்கு என் யோசனை: அந்தச் சுவரை ஒட்டிப் புத்தக அலமாரியை நகர்த்துங்கள், வேலை மேசையை எதிர்ப்பக்கம் போடுங்கள். பிறகு பக்கத்து வீட்டாரிடம் பேசி, எந்த நேரத்தில் டிவி பார்ப்பார்கள் என்று கேட்டுவையுங்கள். நேரம் தெரிந்தாலே பாதி எரிச்சல் அடங்கும்.