புழுவையும் சேர்த்துப் பிழிந்த தேன்

எனக்கு ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரை. பாறையில் தொங்கும் மலைத்தேன் எங்கள் பக்கம் கிடையாது. அதற்குக் கொல்லிமலை, பச்சைமலைக்காரர்கள்தான். இங்கே கிடைப்பது இரண்டு. கருவை வேலியிலும் மூங்கில் புதரிலும் ஒற்றைத் தேனடையாகத் தொங்கும் கொம்புத்தேன், மரப்பொந்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் பொந்துத்தேன்.

புங்கமும் வேம்பும் பூத்து ஓய்கிற சித்திரையில்தான் எடுக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. ஓர் ஐப்பசி மாதம், மழை விட்ட நாளில் தனியாகப் போய் வேலிக் கருவையில் இரண்டு கூடும் பொந்தில் ஒன்றும் எடுத்தேன். தேனீப் புழு, மகரந்தம் எல்லாவற்றையும் வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்து, பழைய பாட்டில்களில் இறுக்கி மூடித் தெருவில் விற்றேன். பத்து நாளில் எதிர்வீட்டு அத்தை கூப்பிட்டார். பேரனுக்கு மருந்து குழைக்க வாங்கிய பாட்டில்; மூடி தெறித்து, அலமாரி முழுக்க நுரை. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மாமா அப்புறம் உட்காரவைத்துக் காட்டினார். அடையில் மெழுகு மூடிய அறையில் இருப்பதுதான் பழுத்த தேன். மூடாத அறையில் தண்ணீர் அதிகம், அது புளிக்கும். விற்கிற தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் தரமே சொல்கிறது. அடைமழைக் காலத்தில் திறந்து வைத்தால் தேன் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கொம்புத்தேன் கூட்டில் தேன் மேலே, கொம்பைச் சுற்றித் தடித்திருக்கும், புழு கீழே. இப்போது தேன் பாகத்தை மட்டும் அறுத்துக்கொண்டு, புழு அடையை வாழைநாரால் பக்கத்துக் கொம்பிலேயே கட்டிவிடுகிறேன். சில கூட்டம் தங்கும், சில போய்விடும். அறைகளின் மெழுகு மூடியை மட்டும் சீவி, துணி கட்டிய எவர்சில்வர் பாத்திரத்தில் ராத்திரி முழுக்கத் தானாக வடியவிடுவேன். பிழிவதில்லை, அடுப்பில் காட்டுவதில்லை. ஒரு கூட்டில் அரைக் கிலோ தேறினால் பெரிது.

விற்பது எடை போட்டுத்தான். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ இருக்கும். 750 மில்லி பாட்டில் நிறைய ஊற்றினால் ஒரு கிலோவுக்கு மேலேயே நிற்கும். பாட்டில் கணக்கில் விலை சொல்கிறவரிடம் எடை எவ்வளவு என்று கேளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

அண்ணா, நான் வாங்கி ஏமாந்த கதை இது. தஞ்சாவூர் சாலையில் ஒருவர் வாளியில் அடையோடு நின்றார். அடைமேல் ஈகூட மொய்த்தது. கண்ணெதிரே பிழிந்து கொடுத்தார். வீட்டில் நக்கிப் பார்த்தால் வெறும் வெல்லப்பாகு. பழைய அடையைப் பாகில் ஊறப்போட்டிருக்கிறார். தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், நேராக அடியில் போய்த்தான் தங்கியது. கெட்டிப் பாகும் அப்படித்தான் தங்கும் என்று பிறகுதான் புரிந்தது. இன்னொன்று, சித்திரையில் உங்களிடம் வாங்கியது மார்கழியில் அடியில் உறைந்துவிட்டது. சீனி கலந்தது என்று வீட்டில் சண்டை. தூக்கிப் போடவா?

பாபநாசத்திலிருந்து:

போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. நல்ல தேனும் குளிரில் உறையும். கை பொறுக்கிற சூட்டு வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். அது வேலிக் கருவைக் கூட்டுத் தேன், வேப்பம்பூ சமயத்தில் எடுத்தது. கடைசியில் லேசாகக் கசப்பு தட்டும், வீட்டில் நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை என்றால் பாட்டிலோடு வாருங்கள், பணம் தருகிறேன். வருகிற சித்திரையில் அறுக்கும்போதும் வாருங்கள், கூட நின்றே பார்க்கலாம்.