ஆபீஸ் லேப்டாப்பில் நிமிடத்துக்கு ஏழெட்டு தவறான லாகின்: வைஃபை பாஸ்வேர்டு மாற்றியும் நிற்கவில்லை

கேள்வி: மாடி_ரூம்

வணக்கம். வீட்டிலிருந்துதான் வேலை. கம்பெனி கொடுத்த விண்டோஸ் 11 ப்ரோ லேப்டாப், சின்ன கம்பெனி என்பதால் அட்மின் உரிமை என்னிடமே இருக்கிறது. நேற்று வேறு எதற்கோ ஈவென்ட் வியூவரை (விண்டோஸில் நடப்பதைப் பதிந்துவைக்கும் இடம்) திறந்தவன் செக்யூரிட்டி லாக்கைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வரிசையாக 4625, அதாவது தவறான லாகின். பெயர்களைப் பார்த்தால் அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், ஸ்கேனர், ரிசப்ஷன் என்று என்னென்னவோ. லாகான் டைப் 3, அதாவது நெட்வொர்க் வழியாக. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன், அவன் வேலையோ என்று உடனே மாற்றினேன், ஆனாலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆபீசில் சொன்னால் என் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: செர்வர்_காரன்

அந்தப் பையனை விடுங்கள், பாவம். 4625 ஒன்றைத் திறந்து கீழே சோர்ஸ் நெட்வொர்க் அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது, வேறு ஏதாவது என்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து நேராக உங்கள் லேப்டாப் வரை வந்து தட்டுகிறார்கள், அதற்கும் வைஃபை பாஸ்வேர்டுக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் ரிமோட் டெஸ்க்டாப் (வேறிடத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதி), அதன் வாசல் எண் போர்ட் 3389. இணையம் முழுக்க அதைத் தேடிக்கொண்டே திரியும் புரோகிராம்கள் இருக்கின்றன, உங்களை யாரும் குறிவைக்கவில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: 4624 என்று ஃபில்டர் போட்டு, டைப் 3 அல்லது 10 (ரிமோட் டெஸ்க்டாப்) இல் வெளி முகவரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 4625 தோற்ற முயற்சி, 4624 உள்ளே வந்தது. அப்படி ஒன்று இருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு உடனே ஆபீசுக்கு போன் போடுங்கள்.

மாடி_ரூம்

4624 இல் வெளி முகவரி எதுவும் இல்லை, அப்பாடா. 4625 இல் எல்லாமே வெளி முகவரிகள்தான். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே விடும் வாசல்களின் பட்டியல்) காலி. ஆனால் டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்புவது) என்ற இடத்தில் 192.168.1.5 என்று இருக்கிறது. அது என் லேப்டாப்பின் ஐபி! சத்தியமாக நான் போடவில்லை.

பதில்: பழைய_கேபிள்

வீட்டில் சிசிடிவி போட்டீர்களா? கேமரா மாட்ட வருகிற ஆட்கள், எந்தெந்த போர்ட்டைத் திறப்பது என்று பார்க்கப் பொறுமை இல்லாமல் டிவிஆரின் (கேமரா படத்தைப் பதியும் பெட்டி) ஐபியை மொத்தமாக டிஎம்இசட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். செல்லில் படம் தெரிந்தால் போதும், அவர்கள் வேலை முடிந்தது. பிறகு டிவிஆரைக் கழற்றினால் அந்த .5 சும்மா கிடக்கும், ரவுட்டர் அதை அடுத்து வந்த லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும். டிவிஆருக்குத் திறந்த கதவுக்கு இப்போது நீங்கள் குடி வந்திருக்கிறீர்கள். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் பல வீட்டுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுப்பதால் வெளியிலிருந்து யாரும் இப்படி வர முடியாது. உங்களுக்குத் தனி ஐபி இருக்கும், விசாரியுங்கள்.

பதில்: நைட்_ஷிஃப்ட்

நானும் ஐடியில்தான் குப்பை கொட்டுகிறேன். டிஎம்இசட்டை இப்போதே எடுங்கள், யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறக்க விடும் வசதி) இருந்தால் அதையும் அணையுங்கள், ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு பின்பக்க ஸ்டிக்கரில் உள்ளதே என்றால் மாற்றுங்கள். லேப்டாப்பின் விண்டோஸ் செட்டிங்ஸில் வீட்டு வைஃபை பிரைவேட் என்று இருந்தால் பப்ளிக் ஆக்குங்கள் (பெயரைப் பார்த்துப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள், பப்ளிக்தான் கெடுபிடி அதிகம்). ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பை நீங்களாக அணைக்காதீர்கள், ஆபீஸ்காரர்கள் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக அதைப் பயன்படுத்தலாம், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். லாக்கையும் அழித்துத் தொலைக்காதீர்கள், நீங்கள் தப்பு செய்யவில்லை என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்வது 22எச்2 பதிப்பு முதல் புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 இல் தானாகவே வரும், பழையதிலிருந்து அப்டேட் ஆனது என்றால் அதையும் அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

மாடி_ரூம்

டிஎம்இசட்டை எடுத்தாயிற்று. கடைசி 4625 நேற்று இரவு 9:52, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. எங்கள் ஐடி அண்ணன் திட்டவில்லை, லாக்கை எக்ஸ்போர்ட் செய்து அனுப்பச் சொன்னார், ரிமோட் டெஸ்க்டாப் அவர் போட்டு வைத்ததுதானாம். அப்புறம் டிவிஆரைப் போன தீபாவளிக்கே தூக்கிவிட்டோம். அப்பாவிடம் கேட்டால், கேமராவுக்கு வாங்கிய ஸ்டேட்டிக் ஐபிக்கு (அந்தத் தனி ஐபிதான்) இன்னும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.