ஆர்.வி. (வீட்டு வசதியுள்ள பயண வண்டி) சமையல் எண்ணெய்: எங்கே கொட்டினார்கள், என்ன ஆனது?

மணல்மேடு
அமெரிக்காவில் யூட்டாவின் மோவாப் பக்கம் ஒரு டம்ப் ஸ்டேஷன், அதாவது வண்டிக் கழிவுநீரைத் திறந்துவிடும் இடம். வாடகைக்கு எடுத்த கிளாஸ் சி (நடுத்தர அளவு ஆர்.வி.) வண்டி, நம்மூர்க் குடும்பம். கிரே டேங்கின் (சிங்க் தண்ணீர் சேரும் தொட்டி) வால்வை இழுத்தால் பாதி வந்து நின்றுகொண்டது. தண்ணீர் நூலாக வடிகிறது, பின்னால் வரிசை. ஒருவழியாகக் காலியான பிறகும் டேங்க் அளவு காட்டும் மீட்டர் ‘மூன்றில் இரண்டு’ என்றே காட்டியது. வண்டியை ஓரங்கட்டி, வால்வின் நான்கு போல்ட்டையும் கழற்றினார்கள். தகடு ஓடும் பள்ளம் முழுக்க மஞ்சள் மெழுகு. அதில் கடுகும் ஒரு கறிவேப்பிலையும் அப்படியே பதிந்திருந்தன. தாளித்த கரண்டியை நேரே சிங்க்கில் கழுவினால் இதுதான்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டிக்கொள்ளும். நெய்யும் பேக்கன் (பன்றி இறைச்சி) கொழுப்பும் அதற்கு முன்பே. டேங்க் இருப்பதோ வண்டியின் அடிவயிற்றில், ராத்திரிக் குளிர் முழுக்க அதற்குத்தான். மீட்டருக்கு அளவு சொல்லும் சென்சார் என்பது டேங்க் சுவரில் பதித்த திருகாணி, அவ்வளவே. அதைச் சுற்றிக் கொழுப்பும் சோப்பும் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டால், தண்ணீர் இருக்கிற மாதிரியே மின்சாரம் பாயும்.

கூடாரமே_போதும்
இதுக்கா இவ்ளோ? ரெண்டு கெட்டில் வெந்நீர், கொஞ்சம் டிஷ் சோப். எல்லாம் போயிடும்.

ஒன்றரை_இஞ்ச்
போகும். எங்கே போகும் என்பதுதான் கேள்வி. வெந்நீர் அதை பி-டிராப்பை (சிங்க்குக்குக் கீழே உள்ள வளைந்த குழாய்) தாண்டித் தள்ளும், டேங்கில் கிடக்கும் பச்சைத் தண்ணீரில் விழுந்ததும் மறுபடி உறையும். சோப்பு எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்து வைக்கும், கரைத்துவிடாது. தண்ணீர் சேரச் சேர சோப்பு நீர்த்துப்போகும், எண்ணெய் மேலே வந்து மிதக்கும். டேங்கைத் திறக்கும்போது மேலே மிதப்பதுதான் கடைசியில் இறங்கும். அதனால் அது தரையிலும் வால்வு வாயிலும் படுத்துக்கொள்கிறது. மணல்மேடு பார்த்த கடுகு அங்கே வந்த வழி அதுதான்.

இன்னொன்று, அடைப்பு நீக்கும் காஸ்டிக் பவுடரைத் தயவுசெய்து போடாதீர்கள். ஆர்.வி. குழாய் ஏபிஎஸ் பிளாஸ்டிக், காஸ்டிக்கின் சூடு அதையும் வால்வின் ரப்பர் சீல்களையும் பதம் பார்க்கும். வால்வு மாற்றுவதானால் இரண்டு பக்க சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள், சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாசலைன் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். சென்சாருக்கு: டேங்கில் மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், அரை கப் டிஷ் சோப். வளைவும் நெளிவுமான சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, உடனே திறந்துவிட வேண்டும். ஆறவிட்டால் பலன் இல்லை.

கூடாரமே_போதும்
அப்போ சோப் வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்றீங்க.

ஒன்றரை_இஞ்ச்
குலுக்கி, உடனே வெளியேற்றினால். தினமும் சிங்க்கில் ஊற்றி நாலு நாள் ஊறப்போட்டால் அல்ல.

பனிக்காட்டான்
கனடாவில அல்கொன்குயின் பார்க்கில பக்கத்து சைட்காரர் பேக்கன் கொழுப்பை நெருப்புக் கிடங்குக்குள்ள (நெருப்பு மூட்டுற குழி) ஊத்திப்போட்டுப் படுத்திட்டினம். விடியப் பார்த்தால் இரும்புக் கிறில் ஒரு பக்கம் கவிண்டு கிடக்கு, சாம்பலைக் கிண்டி வெளியில எறிஞ்சு கிடக்கு. கிடங்கைச் சுத்தின கல்லெல்லாம் கழுவி வைச்ச மாதிரி துப்பரவு. கரடி நக்கியிருக்கு. எரிஞ்சுபோகும் எண்டு நினைக்கிறது பிழை. ஈர விறகு நெருப்பில கொழுப்பு முழுக்க எரியாது, சாம்பலுக்குள்ளயும் மண்ணுக்குள்ளயும் ஊறிக் கிடக்கும். கிரிடிலுக்கு (தட்டையான சமையல் கல்) பின்னால தொங்குற கொழுப்புக் கிண்ணமும் அதே விசயம்தான், இரவில அதை வெளியில விடாதேங்கோ.

சட்டிக்காரி
யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் ‘கொட்டாதே’ என்கிறீர்களே தவிர, பஜ்ஜி சுட்ட அரை லிட்டரை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் சட்டியில் ஒட்டிய எண்ணெய். சட்டி கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே சிலிகான் கரண்டியால் வழித்துவிட்டு, பேப்பர் டவலால் துடைக்க வேண்டும். முழுக்க ஆறினால் நெய் இறுகிவிடும், அப்புறம் இரண்டு மடங்கு பேப்பர் செலவாகும். துடைத்தது எல்லாம் மூடியுள்ள தகர டப்பாவுக்குள். காபி டப்பா போதும், உள்ளே அலுமினிய ஃபாயில் விரித்துக்கொண்டால் டப்பாவை மறுபடி பயன்படுத்தலாம். நெய்யும் பேக்கன் கொழுப்பும் நேரே டப்பாவில் ஊற்றினாலே உறைந்துவிடும், ஃபாயிலோடு தூக்கிக் குப்பையில் போடலாம். தட்டையும் கழுவும் முன் துடையுங்கள். சாம்பார்த் தட்டில் நாம் நினைப்பதைவிட அதிக எண்ணெய் இருக்கும்.

நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் தானாக உறையாது. இரண்டு வழி. ஒன்று, எண்ணெய் கட்டியாக்கும் பவுடர். அடுப்பை அணைத்து, எண்ணெய் 80 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே போட்டு, பவுடர் முழுக்கக் கரையும் வரை கிளற வேண்டும். அளவு பாக்கெட்டில் இருக்கும். ஆறிய எண்ணெயில் போட்டுவிட்டு ‘பவுடர் சரியில்லை’ என்பவர்கள்தான் அதிகம். ஆறிய எண்ணெயில் அது கரையாமல் அடியில் தங்கிவிடும், மறுபடி சூடாக்கித்தான் போட வேண்டும். இரண்டாவது, நன்றாக ஆறவிட்டு, எண்ணெய் வாங்கிய பாட்டிலிலேயே திரும்ப ஊற்றுவது. சூடாக ஊற்றினால் பாட்டில் சுருங்கி, அடி பிதுங்கிவிடும். வாய் வரை நிரப்பாதீர்கள். கொலராடோவில் ஐசன்ஹவர் சுரங்கம் சுமார் 3,400 மீட்டர் உயரம். கீழே மூடிய பாட்டில் அங்கே உப்பும், தளர்ந்த மூடி வழியாகக் கசியும். பாட்டிலை ஜிப் பையில் போட்டு, ஒரு வாளிக்குள் நிற்க வையுங்கள். ஊர் திரும்பியதும் பல கவுண்டிகளின் (மாவட்டங்களின்) கழிவுச் சேகரிப்பு மையங்களில் பழைய சமையல் எண்ணெயை வாங்கிக்கொள்வார்கள்.

பூனை மணலும் எண்ணெயைக் குடிக்கும். ஆனால் கனம், எடை பார்த்துப் பயணம் போகிறவர்களுக்கு உதவாது.

எல்லைக்கோடு
இதுவரை புதரில் ஊற்றுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் வண்டியிலிருந்து எந்தக் கழிவையும் அதற்கென வைத்த இடத்தில் தவிர வேறெங்கும் வடிக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரும் இதில் சேர்த்தி. யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே இடம், துணிச்சுவர் வண்டிகளை விடுவதில்லை. காரணம் கிரிஸ்லி கரடிகள். அங்கே சட்டிக்காரியின் காபி டப்பாவை வெளி மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினால், பனிக்காட்டான் சொன்னதை நேரில் பார்க்கலாம். டப்பா வண்டிக்குள், இல்லையென்றால் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிக்குள்.

கூடாரமே_போதும்
சரி, கொழுப்பைச் சிதைக்கிற என்சைம் போட்டா?

ஒன்றரை_இஞ்ச்
அது மெதுவாக வேலை செய்யும், ஒரு ராத்திரியாவது ஊற வேண்டும். கூடவே வெந்நீரோ பிளீச்சோ ஊற்றினால் செத்துவிடும். பயணம் முடிந்து வண்டியை நிறுத்தி வைக்கும்போது போடலாம். கட்டியாகிப்போன வால்வை அது திறக்காது, அதற்கு அந்த நான்கு போல்ட்தான்.