திட்டம் 18 மீட்டர், கம்ப்யூட்டர் காட்டியது 36: சுவர் டைவில் எங்கே தவறினேன்?

கேமன்வாசி கேட்டது:

வணக்கம். கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் லிட்டில் கேமன் தீவுக்கு நான்கு நாள் டைவிங் போயிருந்தேன். இரண்டாம் நாள் காலை, ப்ளடி பே சுவரில் த்ரீ ஃபேதம் வால் என்கிற இடம். மிக்ஸிங் பவுல் என்றும் சொல்வார்கள். பெயருக்கு ஏற்றபடி பவளத்திட்டின் மேல்தளம் மூன்று ஃபேதத்தில் (ஒரு ஃபேதம் ஆறடி), அதாவது ஐந்தரை மீட்டரிலேயே இருக்கிறது. விளிம்பைத் தாண்டினால் நேர்செங்குத்தாக இறங்கும் சுவர். முந்நூறு மீட்டருக்கும் கீழே போகிறது. குனிந்து பார்த்தால் நீலத்தைத் தவிர ஒன்றும் தெரியாது.

நானும் என் ஜோடி டைவரும் 18 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று படகிலேயே பேசி வைத்திருந்தோம். சுவரில் ஒரு அழுங்காமை கடற்பஞ்சைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அது மெல்ல இறங்க, நானும் கூடவே போயிருக்கிறேன். மனசு ரொம்ப அமைதியாக இருந்தது. யாரோ என் ஃபினைப் பிடித்து இழுத்தபோது திரும்பினால் ஜோடி டைவர். ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை என் முகத்துக்கு நேரே காட்டினார். 36 மீட்டர்.

மேலே வந்து பதிவை எடுத்துப் பார்த்தேன். 6வது நிமிடம் 14 மீட்டர், 9வது நிமிடம் 18, 12வது நிமிடம் 24, 14வது நிமிடம் 36. கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் 12 மீட்டர் விழுந்திருக்கிறேன். மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்டில் காற்று ஏற்றினேனா என்பது நினைவில் இல்லை. நிதானமாகத்தான் ஏறினோம், 5 மீட்டரில் ஐந்து நிமிடம் நின்றோம். படகுக்கு வந்தபோது டேங்கில் 40 பார் அழுத்தம்தான் மிச்சம். உடம்புக்கு எதுவும் இல்லை, ஆனால் அந்த 36 என்ற எண் ராத்திரி தூங்க விடவில்லை.

என் விவரம்: அட்வான்ஸ்டு சான்றிதழ், 47 டைவ், உடல் எடை 72 கிலோ, 3 மி.மீ. வெட்சூட் (நுரை ரப்பர் உடை), அலுமினிய டேங்க், மூழ்குவதற்காக இடுப்பில் 8 கிலோ ஈயம். என்ன தப்பு செய்தேன், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்?

தெற்குக்கரை:

முதல் சந்தேகம் கீழிழுப்பு நீரோட்டம். நான் மெக்சிகோவின் கோசுமெலில் நிறைய டைவ் செய்திருக்கிறேன். சான்டா ரோசா மாதிரி சுவர்களில் சில நாள் தண்ணீரே ஆளைக் கீழே அழுத்தும். அப்போது உங்கள் குமிழிகள் நேராக மேலே போகாது. பக்கவாட்டில் சுழலும், சில சமயம் கீழேகூட இறங்கும். மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பவை என்பதால் எல்லாம் தலையை மேலே தூக்கியபடி நிற்கும். அப்படி ஏதாவது பார்த்தீர்களா?

கேமன்வாசி:

இல்லை. குமிழி நேராகத்தான் போனது. என் ஜோடி 22 மீட்டரில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாராம், அங்கிருந்துதான் என்னைப் பார்த்து இறங்கி வந்தார்.

அலைமகள்:

அப்படியென்றால் நீரோட்டம் இல்லை தம்பி. கேமனில் பல வருடம் வழிகாட்டியாக இருந்திருக்கிறேன். ப்ளடி பே பெரும்பாலும் சாந்தமான இடம். முதலில் உடம்பைப் பற்றிக் கேட்கிறேன். மேலே வந்த பிறகு மூட்டு வலி, கை கால் மரமரப்பு, அசாதாரணக் களைப்பு, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு ஏதாவது இருந்ததா? விமானம் ஏறும்முன் 18 மணி நேரம் இடைவெளி விட்டீர்களா? லிட்டில் கேமனில் டைவர்களின் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை கிடையாது, இருப்பது கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுனில். நடுவில் சுமார் 120 கி.மீ. கடல். அதனால் அந்தத் தீவில் ஒரு மீட்டர் அதிகம் போவதும் சின்ன விஷயமில்லை.

இனி உங்கள் கேள்வி. எனக்கு உறுத்துவது அந்த 8 கிலோ. 72 கிலோ ஆளுக்கு, 3 மி.மீ. சூட்டுக்கு, அது ரொம்ப அதிகம். யார் சொல்லி 8 போட்டீர்கள்?

கேமன்வாசி:

எந்த அறிகுறியும் இல்லை அக்கா. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் 26 மணி நேரம் இருந்தது. 8 கிலோ முதல் பயிற்சியில் கொடுத்தது. அங்கே அடியில் மண்டியிட்டுப் பாடம் படித்தோம். அப்புறம் அதையே எல்லா இடத்திலும் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன். குறைத்தால் மேல்பரப்பிலிருந்து இறங்க முடியவில்லை.

குமிழி:

நான் சொல்வது சுலபம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கீழே போவதாகத் தெரிந்தால் சுவரைப் பிடித்து நிறுத்திவிடலாம். நான் வேறு இடங்களில் அப்படித்தான் செய்வேன்.

அலைமகள்:

குமிழி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். கேமனின் கடல் பூங்காக்களில் டைவர் கையுறை போடுவதற்கே தடை. ப்ளடி பே 1986 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. கை மூடியிருந்தால் பிடிக்கத் தோன்றும், அதற்காகத்தான் தடை. நீங்கள் ஒரு நொடி பிடிக்கும் விசிறிப் பவளம் அந்த அளவுக்கு வளர எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். கைக்கு அகப்படுவது நெருப்புப் பவளமாக இருந்தால் உங்களுக்கும் எரிச்சல்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கல் பவளங்களின் திசுவைத் தின்னும் நோய் 2020இல் கிராண்ட் கேமனில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும்போது சூட், ஜாக்கெட், ஃபின் எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் முக்கி எடுத்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள். கேமன்வாசி, உங்களுக்கும்தான்.

சரி, எடை. மூன்று கிலோ ஈயம் தேவைக்கு மேல் இருக்கிறது என்று வையுங்கள். அதைத் தாங்க ஜாக்கெட்டில் மூன்று லிட்டர் காற்று கூடுதலாக வைத்திருப்பீர்கள். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். 36 மீட்டரில் 4.6. நீங்கள் எதையும் தொடாமலே அந்த மூன்று லிட்டர் 1.8 லிட்டராகச் சுருங்கிவிடும். சுமார் 1.2 கிலோ மிதப்பு போயிற்று. வெட்சூட்டின் நுரையும் கூடவே நசுங்கும். விழ விழ மிதப்பு குறையும், குறையக் குறைய இன்னும் வேகமாக விழுவீர்கள். உங்கள் பதிவில் 9லிருந்து 12வது நிமிடம் வரை 6 மீட்டர், அடுத்த இரண்டு நிமிடத்தில் 12 மீட்டர் என்று இருப்பது இதனால்தான்.

சாதாரணத் திட்டில் மணல் வந்து உங்களை நிறுத்திவிடும். மிதப்பு சரியில்லை என்பதே தெரியாமல் நூறு டைவ் முடிப்பவர்கள் உண்டு. சுவரில் நிறுத்த ஒன்றும் இல்லை. கரீபியன் தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால் 36 மீட்டரிலும் வெளிச்சம் குறைந்த மாதிரி இருக்காது. கண்ணை நம்பி ஆழம் சொல்லவே முடியாது.

வாயுக்கணக்கு:

எல்லோரும் எடையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறு கேட்கிறேன். டேங்கில் இருந்தது என்ன? லிட்டில் கேமனில் பாதிப் படகு நைட்ராக்ஸ்தான் எடுக்கும்.

கேமன்வாசி:

ஆமாம், 32 சதவீத நைட்ராக்ஸ், அதாவது 32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவை. நானே அளந்து, கையெழுத்தும் போட்டேன்.

வாயுக்கணக்கு:

அப்படியானால் நண்பரே, எடையைவிட இதுதான் எனக்குப் பயம். 36 மீட்டரில் 4.6 பார். அதில் 32 சதவீதம் ஆக்சிஜன் என்றால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.47. டைவுக்கான வழக்கமான எல்லை 1.4, அதாவது 32 சதவீதக் கலவைக்கு 33 மீட்டர் சொச்சம். 1.6 என்பது அவசரத்துக்கு மட்டும், அது 40 மீட்டரில் வந்துவிடும். நீங்கள் விழுந்த வேகத்தில் இன்னும் 40 விநாடி போயிருந்தால் 40 மீட்டர். ஆக்சிஜன் நச்சு முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பாக வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு என்றால் வாயிலிருந்து மூச்சுக்கருவி (ரெகுலேட்டர்) போய்விடும்.

ஆமையோடு இறங்கியபோது மனசு அமைதியாக இருந்தது என்றீர்களே, அதையும் கவனியுங்கள். அது ஆழத்தில் நைட்ரஜனால் போதை மாதிரி வரும் நைட்ரஜன் மயக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நைட்ராக்ஸ் போட்டால் மயக்கம் வராது என்று சிலர் நினைக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். 30 மீட்டருக்குக் கீழே எண்ணைப் பார்த்தாலும் அது மண்டைக்குள் ஏறாது.

இப்போது முக்கியமான கேள்வி. கம்ப்யூட்டரில் 32 என்று வைத்திருந்தால் 33 மீட்டரிலேயே அது கத்தியிருக்க வேண்டும். கத்தியதா?

கேமன்வாசி:

கத்தவில்லை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் டைவ் எல்லாம் 32 என்று பதிவாகியிருக்கிறது. இரண்டாம் நாள் அந்த டைவ் 21, அதாவது சாதாரணக் காற்று என்று இருக்கிறது. நான் மாற்றவே இல்லை.

வாயுக்கணக்கு:

அதேதான். சில மாடல்கள் குறிப்பிட்ட நேரம் கழிந்தால் தானாகவே காற்றுக்குத் திரும்பிவிடும். கையேட்டில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. காற்று என்று நினைத்த கம்ப்யூட்டர் நைட்ரஜனை அதிகமாகக் கணக்குப் போட்டிருக்கும், அந்தப் பக்கம் பாதுகாப்புதான். ஆக்சிஜன் பக்கம் அதற்குக் கண்ணே இல்லை. ஒவ்வொரு டைவுக்கும் முன்னால், டேங்கில் ஒட்டிய நாடாவில் இருக்கும் எண்ணையும் கம்ப்யூட்டர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜோடி டைவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு, திட்டமிட்ட ஆழத்துக்கு இரண்டு மீட்டர் கீழே ஆழ எச்சரிக்கை ஒன்று வையுங்கள்.

காற்று ஏன் சீக்கிரம் தீர்ந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. மேல்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு 18 மீட்டரில் 56 லிட்டர் போகும், 36 மீட்டரில் 92 லிட்டர். அலுமினிய டேங்க் 11 லிட்டர் கொள்ளளவு. 100 பார் மிச்சமிருந்தால் அங்கே 12 நிமிடம்தான். இருவர் ஒரே டேங்கில் ஏற வேண்டி வந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அலைமகள்:

அருமையாகப் பிடித்தீர்கள், அது எனக்குத் தோன்றவில்லை. கேமன்வாசி, எடையை இப்படிச் சரிபாருங்கள். கரையோர டைவ் ஒன்றின் கடைசியில், டேங்கில் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில் ஜாக்கெட்டை முழுதாகக் காலி செய்யுங்கள். காலை அசைக்காமல், சாதாரணமாக மூச்சு விட்டபடி நில்லுங்கள். மூழ்கினால் ஒரு கிலோவை ஜோடியிடம் கொடுங்கள். அசையாமல் நிற்கும்வரை இப்படியே. டேங்க் காலியாகக் காலியாக இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகும், அதனால்தான் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன்.

இறங்க முடியவில்லை என்பது பெரும்பாலும் எடையால் இல்லை. பதற்றத்தில் நுரையீரலை நிரப்பி வைத்துக்கொண்டு காலையும் அடிப்பார்கள். காலை ஒட்டி வைத்து, மூச்சை முழுதாக விட்டு, அடுத்த மூச்சை அவசரமில்லாமல் எடுங்கள். முதல் இரண்டு மீட்டர் தாண்டினால் அப்புறம் தானாக இறங்கும்.

சுவரில் எப்போதும் தோள் சுவரைப் பார்த்து இருக்கட்டும், ஒரு கை எட்டாத தூரத்தில். மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி நீந்துங்கள். ஏதாவது உயிரினத்தைப் பார்க்க நின்றால் முதலில் கம்ப்யூட்டர், அப்புறம் அது. ஆமை கீழே போனால் போகட்டும், விட்டுவிடுங்கள். மேல்தளத்திலேயே பார்க்க அவ்வளவு இருக்கிறது. நசாவு களவா மீன் நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், எட்டு மீட்டரில் அதோடு அரை மணி நேரம் இருந்தாலும் அலுக்காது.

கேமன்வாசி, மூன்று வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி ஜார்ஜ் டவுன் கரையில் செய்து பார்த்தேன். முதல் கிலோவை எடுத்தேன், மூழ்கினேன். இரண்டாவது, மறுபடியும் மூழ்கினேன். மூன்றாவதை எடுத்த பிறகுதான் நின்றேன். எட்டு இருந்த இடத்தில் ஐந்து போதும் என்று தெரிந்தது. 47 டைவ் முழுக்க மூன்று கிலோவைச் சும்மா சுமந்திருக்கிறேன். மேல்பரப்பிலிருந்து இறங்க முதல் முறை கொஞ்சம் நேரமானது, மூச்சை விட்டதும் போய்விட்டேன்.

நேற்று கிராண்ட் கேமன் வடக்குச் சுவர். அங்கே விளிம்பே 15 மீட்டருக்குக் கீழேதான் தொடங்குகிறது, அதனால் 24 மீட்டர் என்று திட்டம் போட்டோம். காற்று டேங்க் எடுத்தேன், கம்ப்யூட்டரில் 21 இருக்கிறதா என்று ஜோடியோடு இரண்டு முறை பார்த்தேன். 26இல் எச்சரிக்கை வைத்தேன், அது ஒருமுறையும் அடிக்கவில்லை. பதினைந்தாவது நிமிடம் ஒரு புள்ளித் திருக்கை எங்கள் பக்கவாட்டில் வந்து, இறக்கையை ஒருமுறை மடக்கி, சுவரையொட்டிக் கீழே போனது. நான் 23.4 மீட்டரில் நின்று, அது நீலத்தில் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் ஏறும்போது 85 பார் இருந்தது.