புதுப்பிப்பு: வேர்ட்ஸ்டாரும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் ஒத்துப்போய்விட்டன

வேர்ட்ஸ்டார் 4-இல் (பழைய எழுத்துச் செயலி மென்பொருள்) அச்சடித்தால் வரிக்கு வரி வெற்றிடம் விழுகிறது, தடித்த எழுத்து அடுத்த வரியில் போய் உட்காருகிறது என்று எழுதியிருந்தேன். சரியாகிவிட்டது! கேபிளில் குறையில்லை. பிரிண்டரில் தானியங்கி லைன் ஃபீடுக்கான (தாளைத் தானாக ஒரு வரி நகர்த்துவதற்கான) டிப் ஸ்விட்ச் என்ற சின்ன ஸ்விட்ச் ஆன் ஆகியிருந்தது. வரி முடிவில் 13, 10 என்று இரண்டு குறிகள் போகும்: 13 அச்சுத் தலையை இடப்பக்கம் கொண்டுவரும், 10 தாளை நகர்த்தும். அந்த ஸ்விட்ச் ஆனில் இருந்தால் 13-க்கே தாள் நகர்ந்துவிடும், 10-க்கு மறுபடி நகரும்; அதனால்தான் வெற்றிடம். என் அமைப்பில் தடித்த எழுத்து, 13 மட்டும் அனுப்பி அதே வரிமேல் மறுபடி அடிப்பதால் வருவது. அதுதான் கீழே இறங்கியிருக்கிறது. பிரிண்டரை அணைத்துவிட்டு அந்த ஸ்விட்சை மாற்றுங்கள், ஆன் செய்யும்போதுதான் ஸ்விட்சைப் படிக்கும். அப்புறம், ஏ4 தாளுக்குப் பக்க நீளம் 66 வரி போதாது, 70 வைத்தேன். முதல் பக்கம் கரகரவென்று ஒழுங்காக வந்தபோது அவ்வளவு சந்தோஷம்.