வாகன மென்பொருள் கற்க எங்கிருந்து தொடங்குவது?

வெண்ணாறு:
மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சி மொழி ஓரளவு தெரியும். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையைக் கொண்டு எங்கள் போர்செட் மோட்டாரைக் கைபேசியிலிருந்து நிறுத்தும் சிறு கருவி ஒன்றைச் செய்திருக்கிறேன். வாகன மென்பொருள் துறைக்குப் போக விரும்புகிறேன். ஆனால் விசாரித்த பயிற்சி நிலையம் கேட்ட கட்டணம், நாங்கள் குறுவைக்கு நடவு முதல் அறுப்பு வரை செலவிடும் தொகையைத் தாண்டுகிறது. திறமூலக் கருவிகளை மட்டும் வைத்துக் கற்க முடியுமா? முதலில் எந்தப் பலகையை வாங்க வேண்டும்?

அரசலாறு:
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மடிக்கணினியில் லினக்ஸ் இருந்தால் போதும். வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் தடத்தை பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகம் செய்தது. அதற்கான சாக்கெட்கேன் என்னும் பகுதி, வோக்ஸ்வாகன் ஆய்வுப் பிரிவின் பங்களிப்பாக, 2008 முதல் லினக்ஸின் உட்கருவிலேயே (கெர்னல்) இருக்கிறது. வீகேன் என்ற மெய்நிகர் தடத்தை உருவாக்கி, ஒரு முனையத்தில் செய்திகளைக் காட்டும் கேன்டம்ப்பை ஓடவிட்டு, மற்றொன்றிலிருந்து அனுப்பும் கருவியான கேன்செண்டால் ஒரு செய்தியை அனுப்பிப் பாருங்கள். அது பழகியபின் ஐசிசிம் என்ற திறமூல முகப்புப் பலகைப் பாவனையை இறக்கி, ஓடும் செய்திகளுள் வேகமானியை அசைப்பது எந்த அடையாள எண் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். விடையை இணையத்தில் தேடினால் பயிற்சியே வீணாகிவிடும்.

அடுத்தது செஃபிர். லினக்ஸ் அறக்கட்டளை 2016இல் தொடங்கிய நிகழ்நேர இயங்குதளம் (குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் சிறு கருவிகளுக்கானது) அது. அதன் ஆவணங்களைவிட மூலநிரலோடு வரும் மாதிரி நிரல்களே நல்ல ஆசிரியர் என்பது என் கருத்து. கேன் மாதிரியை, கணினியிலேயே ஓடும் நேட்டிவ் சிம் என்ற இலக்குக்குத் தொகுத்தால், பலகையே இல்லாமல் உங்கள் கணினியின் மெய்நிகர் தடத்தோடு அது பேசும்.

குடமுருட்டி:
அரசலாறு சொன்ன வரிசை சரிதான். ஆனால் மெய்நிகர் தடத்தில் கம்பி கழலாது, சிப்புக்குத் துடிப்பு தரும் படிகம் பொய் சொல்லாது. அங்கேயே ஆறு மாதம் இருந்துவிடாதீர்கள். நான் கேன் தடத்தோடு பேசும் எம்சிபி 2515 சிப் உள்ள சிறு பலகை ஒன்றை ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியோடு இணைத்துவிட்டு, ஒரு செய்திகூட வராமல் இரண்டு இரவுகள் விழித்திருந்தேன். படிகத்தின் மேல் 8.000 என்று பொறித்திருந்தது. நானோ அமைப்புக் கோப்பில் 16 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்தியும் பிழைகள் தொடர்ந்ததால் மல்டிமீட்டரை எடுத்தேன். தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளக்கும்போது ஏறத்தாழ 60 காட்ட வேண்டும். எனக்கு 120 காட்டியது, அதாவது ஒரு முனையில் மின்தடையை இணைக்கும் ஜம்பர் என்ற சிறு இணைப்பியைப் போடவில்லை.

வெண்ணாறு:
மிக்க நன்றி, ஐயா. பக்கத்து வீட்டுக்காரரின் அறுவடை இயந்திரத்தில் இணைத்துப் பார்க்கலாமா?

அரசலாறு:
சம்பா அறுப்பு நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். வண்டி நின்றால் ஊரே உங்களைத் தேடும். அத்தகைய கனரக எஞ்சின்களில் பெரும்பாலும் கேன் தடத்தின் மேல் ஓடும் ஜே 1939 என்ற செய்தி முறை இருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் 29 பிட் அடையாளம், வழக்கமாக நொடிக்கு 250 கிலோபிட் வேகம். பிற்பாடு உரிமையாளர் அனுமதித்தால், சாக்கெட்கேனைக் கேட்க மட்டும் செய்யும் நிலையில் வைத்துப் பாருங்கள். ஒரு செய்தியைக்கூட அனுப்பக் கூடாது.

அதற்குமுன் வீட்டிலோ உறவினரிடமோ கார் இருந்தால், நிறுத்திய நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, ஓபிடி என்ற பழுதறியும் இணைப்பில் எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் கேளுங்கள். விடையில் வரும் இரண்டு பைட்டுகளில் முதலாவதை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4ஆல் வகுக்க வேண்டும். 12, 128 என்று வந்தால் நிமிடத்துக்கு 800 சுற்று. முகப்பு முள்ளும் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.